பெயர் போடாத கட்டுரை

எங்கள் சட்டக் கல்லூரி இதழில் மாணவர் கட்டுரைக்குப் பெயர் போடுவதில்லை. பேராசிரியர் எழுதினால் பட்டமும் பதவியும் சேர்த்துப் போடுவோம். நாங்கள் எழுதினால் அடியில் வெறும் கோடு. நடத்துவது முழுக்க மாணவர்கள்! எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டுரையில் வரும் தீர்ப்புகளை வேறொரு மாணவர் நூலகத்தில் மூலத்தோடு ஒப்பிட்டு, அச்சுப்படியின் ஓரத்தில் கையெழுத்திட வேண்டும்.

நெருக்கடி நிலைக் காலம். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் மீன் விற்கும் அம்மா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து வாப்பாவின் கடையில் என்னிடம் காட்டினார். மாமல்லபுரம் பக்கம் அவர்கள் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தது. அது செல்லாது என்று கட்டுரை எழுதினேன். தினமும் என்னோடு சென்னைக்கு ரயிலில் வரும் வகுப்புத் தோழன் சரிபார்த்தான்.

அச்சுப்படி எப்படியோ கல்லூரி முதல்வர் மேசைக்குப் போய்விட்டது. ஓரமெல்லாம் தோழனின் கையெழுத்து. எழுதியது அவனே என்று முடிவுகட்டி, அவனைக் கூப்பிட்டு ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நீ கம்முனு இரு," என்றான் வெளியே வந்து. "உங்க வூட்ல படிக்க அனுப்புனதே பெருசு."

என்னைக் காப்பாற்ற இவன் யார்? கோபம் தலைக்கேறியது. நேரே உள்ளே போனேன்.

"நான்தான் சார் எழுதினேன். அவர் சரிபார்த்ததோடு சரி."

"பொண்ணாச்சேன்னு பார்க்கிறேன். கட்டுரையை எடுத்துடு, மறந்துடறேன்."

"எடுக்க மாட்டேன் சார். பேரும் போடப் போறேன்."

போட்டோம். இந்த ஒரு தடவை வழக்கத்தை மீறுவதென்று இதழின் மாணவர் ஆசிரியர் குழு கூடி முடிவெடுத்தது. கல்லூரிக்குள் இதழைக் கொடுக்கக் கூடாது என்றார்கள், ரயிலில் கொடுத்தோம். தோழனுக்கு ஹால் டிக்கெட் வந்தது, எனக்கு வரவில்லை. வாப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு வருடம் போனது, போகட்டும். இன்றுவரை எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இதழை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மீன்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"உம்பேரு எங்க கீது?"

விரலை வைத்துக் காட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

"சரி, எம்பேரு?"

இல்லையென்று தெரிந்தே பக்கங்களைப் புரட்டினேன். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று நோட்டீஸில் இருந்த சொல்லையே கட்டுரை முழுக்க நானும் எழுதியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. பையிலிருந்து பேனாவை எடுத்து, அடுத்த இதழில் போடுகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் பக்கத்து வீடுகளைப் பார்த்து, "எல்லாம் வாங்கடி இங்க," என்று குரல் கொடுத்தார்.