குட்டி யானையின் ஸ்டிக்கர்

என் சகலையைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெண்டாட்டியின் அக்கா புருஷன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. சட்டையில் ஒரு மீன் செதில் ஒட்டியிராது. அவன் வந்தால் என் வீட்டில் வஞ்சிரம் வறுபடும். எனக்கு என்றைக்கும் காரப்பொடி மீன் குழம்புதான். பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அப்படிப்பட்டவனிடம் நானே போய் நிற்கவேண்டி வந்தது. எங்கள் பக்கம் வருஷத்துக்கொரு தரம் படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, நம்பரைக் கையால் எழுதுவோம். அந்தச் சூட்டோடு, இறால் ஏற்றும் என் குட்டி யானை வண்டியையும் சுரண்டினேன். முன்கண்ணாடியின் உள்மூலையில் சாயம் போன ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதையும் வழித்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் வண்டி நம்பரை மஞ்சள் பெயிண்டில் எழுதிவைத்தேன்.

பொன்னேரி ரோட்டில் மடக்கினார்கள்.

"ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் எங்கப்பா?"

"தோ கீதே சார் நம்பரு. அதவிடப் பெருசாவே எழுதிக்கீறேன்."

"இது இன்னா படகா?" என்று சிரித்துக்கொண்டே கேஸ் போட்டுவிட்டார் போலீஸ்காரர்.

கேஸ் தீராமல் வண்டி ஓட்டத் தகுதிச் சான்றான எஃப்.சி. கிடைக்காது. எஃப்.சி. இல்லாத வண்டியில் எவன் இறால் ஏற்றுவான்? ஸ்டிக்கரோடுதான் வண்டி வாங்கினேன் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் மல்லுக்கட்டினேன். ஆதாரம் கேட்டார்கள். வண்டி எடுத்த அன்று பிடித்த போட்டோ ஒன்றுதான் உண்டு. அதுவும் சகலையின் போனில். வண்டியை வாங்கியவன் நான், சாய்ந்து நின்று போஸ் கொடுத்தவன் அவன்!

"போட்டோவ அனுப்பு சகல" என்றேன். "அனுப்புறதின்னா, நானே வரேன்" என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டான். ஆபீஸில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். போட்டோவில் அவன் தலைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. என்னைத் தேடினால், கதவைப் பிடித்த கை மட்டும் ஓரத்தில் இருந்தது.

"வண்டி உங்களுதா சார்?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

"நம்ம வண்டிதான் சார்" என்றான் கூசாமல். நரம்பில்லாத நாக்குதானே!

நான் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். அதிகாரி கேஸை நீக்கி, வேறு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டச் சொன்னார்.

ஸ்டிக்கர் வந்த அன்று கண்ணாடியை நானே தேய்த்துத் துடைத்தேன். பின்தாளை உரிக்கப்போன நேரம் பெண்டாட்டி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாயா அவசரம்? அக்கா வூட்டு மாமா வந்துக்கினு கீறாரு. அவரு கையால ஒட்டட்டும். ராசியான கை."

அவன் வந்தான். என் வண்டியில், என் சீட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினான். வீட்டுக்குள்ளிருந்து வஞ்சிரம் வறுபடும் வாசனை வந்தது. நான் ஈரத்துணியோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.