குளிரறையில் நின்ற ஒன்றரை மணி நேரம்

ஜொகூரில், பண்டார் தெங்காராவுக்கு வெளியே, செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். என் மனைவி சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தாதி. அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை லார்க்கின் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவாள், ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நான் குறை சொன்னதே இல்லை. அதை ஒரு பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

செம்பனைக் கொட்டையின் ஓடு தடிப்பாக இருக்குமா, மெல்லியதாக இருக்குமா, இல்லாமலே போகுமா என்பது ஒரு புரதத்தின் கையில் இருக்கிறது. அந்தப் புரதத்தோடுதான் என் பிழைப்பு. இலை, வேர், காய் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஓடு உருவாகச் செய்யும் மரபணுக்கள் இலையிலும் உண்டு, ஆனால் அங்கே தூங்கிக் கிடக்கும். இளங்காயில் மட்டும் இந்தப் புரதம் வந்து, டிஎன்ஏ நெடுகத் தடவிப் பார்த்து, தனக்கென்று உள்ள பத்தெழுத்து இடத்தைப் பிடித்து உட்காரும். அதன் பிறகுதான் மரபணுவைப் படியெடுக்கிற வேலை அங்கே தொடங்கும். ஒன்று தனியாக வந்தால் பிடி நிற்காது. இரண்டு ஜோடியாக வர வேண்டும். புரதத்தின் பிடிக்கும் பகுதியில் ஓரெழுத்து மாறினாலும் பிடி தளர்ந்துவிடும்.

இதை அவளிடம் ஒருநாள் விளக்கியபோது, "ஜோடியா இருக்கணும்னு உங்க பனைமரத்துக்கே தெரியுது லா," என்றாள். சிரித்து வைத்தேன். அது என்னிடம் கேட்ட கேள்வி என்று எனக்கு உறைக்கவில்லை.

புரதம் பிடித்ததா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிஎன்ஏ துண்டையும் புரதத்தையும் கலந்து, ஜெல் எனப்படும் மெல்லிய கூழ்ப் பலகையில் இட்டு மின்சாரம் விடுவோம். தனி டிஎன்ஏ விறுவிறுவென்று கீழே ஓடும். புரதத்தைச் சுமந்தது மெதுவாக நகர்ந்து மேலே ஒரு பட்டையாக நிற்கும். சூடேறினால் பிடி விட்டுப்போகும் என்பதால் குளிரறையில் வைத்துத்தான் ஓட்டுவோம். அதன் கனத்த இரும்புக் கதவைச் சாத்தினால் கைப்பேசிக்கு லைன் வராது.

அப்போது அவளுடைய ஒப்பந்தம் முடியவிருந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஜொகூருக்கே வந்துவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருந்தாள். ஜெல்லை ஓடவிட்டுவிட்டு, லைன் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் கார்களுக்கு நடுவே நின்றேன். முடிவு அடுத்த வெள்ளிக்குத்தான் என்றாள். பேச்சு எங்கெங்கோ போய் நீண்டது. திரும்பிப் போனால் தனி டிஎன்ஏ முழுவதும் ஜெல்லை விட்டே இறங்கிப் போயிருந்தது. "அலமாக்," என்று தலையில் கைவைத்தார் எங்கள் மலாய் மேலாளர். ஒரு வார உழைப்பு வீண். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளி, கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் குளிர்சட்டையோடு உள்ளே போனேன். அவளுக்கு நான்கு மணிக்குத்தான் ஓய்வு, அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம், ஓட்டத்தைக் காட்ட ஜெல்லில் சேர்க்கும் நீலச் சாயம் இறங்குவதையே பார்த்தபடி காவல் நின்றேன். படம் எடுத்தபோது மேலே அழுத்தமான, அழகான ஒரு பட்டை. ஓரெழுத்து மாறிய புரதம் இருந்த வரிசையில் அந்தப் பட்டை இல்லை. மேலாளர் கைதட்டினார்.

மேசைக்கு வந்தபோது நான்கரை தாண்டியிருந்தது. எடுக்காத அழைப்புகள் மூன்று. உடனே அழைத்தேன்.

"கையெழுத்துப் போடுற பாரத்த கையில வச்சிகிட்டு ஆபீஸ்லதான் நின்னேன்," என்றாள். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"இப்ப?"

"போட்டுட்டேங்க."

"நல்லதுதான்," என்றேன். அதற்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை. வந்துவிடு, நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், நல்லதுதான் என்றேன்.

அந்த ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. அவள் குளியலறையில் விட்டுப்போகும் செருப்பை நான் நகர்த்துவதில்லை. திங்கட்கிழமை அதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். நகர்த்திவிட்டால் இன்னும் கனக்கும். அவளுக்கு இது தெரியாது.

போன ஞாயிறு லார்க்கினில், பையைக் கையில் கொடுக்கும்போது ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அடுத்த தடவ கையெழுத்துப் போடாத. எனக்கு நீ இங்க வேணும்."

அவள் படியில் ஏறியவள் திரும்பி என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இதுக்குத்தாங்க அன்னிக்கு மூணு தடவ போன் அடிச்சேன்," என்றாள். பின்னால் நின்றவர்கள் ஏற வேண்டும் என்பதால் உள்ளே போய்விட்டாள்.