மெயினை நிறுத்தியும் எரிந்த லைற்

போன மாதம் எங்கள் வீட்டுக் கேற்றில் செருகியிருந்த கரண்ட் பில்லை முதலில் பார்த்தது ஒரு மான்.

திருகோணமலையில் இது அதிசயமில்லை. கோட்டைப் பக்கமிருந்து காலையில் வெளிக்கிடும் மான்கள் வாழைப்பழத் தோல், பழைய பேப்பர், தேர்தல் நோட்டீஸ் என்று எதையும் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் போகும். அன்றைய மான் எங்கள் பில்லை மோந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது.

எடுத்துப் பார்த்தபிறகுதான் மானின் புத்தி எனக்கு விளங்கியது.

வழக்கமாக வருவதைப்போல மூன்று மடங்கு!

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விலாசம் எங்களுடையதுதான். பெயர் அப்பாவுடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகியும் கரண்ட் பில் மட்டும் இன்னும் அவரைத்தான் விசாரித்துக்கொண்டு வருகிறது.

காசு போவதுகூடப் பரவாயில்லை. மானம்?

ஞாபகமிருக்கும் உங்களுக்கு. சில மாதங்களுக்கு முன் இதே பத்தியில் ‘மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி?’ என்று உங்களுக்கு நான் வகுப்பெடுத்திருந்தேன். எங்கள் வீட்டு பில் பாதிக்கும் கீழே குறைந்த வரலாற்றை எழுதி, எல்லாம் குண்டு பல்பை மாற்றியதாலும் என் கட்டுப்பாட்டாலும்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். கிளிவெட்டியிலிருந்து ஒரு வாசகர், ‘உங்களைப் பார்த்து நானும் திருந்திவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

பொழுதுபடும் நேரம் பில்லைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் செபஸ்தி அண்ணை.

அது அவருடைய உண்மையான பெயரில்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும். துறைமுகத்து இழுவைப் படகில் வேலை செய்து பென்ஷனில் வந்தவர். தன் படகைவிட எத்தனையோ மடங்கு பெரிய கப்பல்களை இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார். கதையை மட்டும் ஒருநாளும் இழுக்கமாட்டார்.

“அண்ணை, பாத்தீங்களே இந்த அநியாயத்தை?”

வாங்கிப் பார்த்தார். “கட்டிப்போட்டு இருமன் தம்பி.”

“எதைக் கட்டுறது? மீற்றர் பிழை அண்ணை!”

“மீற்றருக்கு என்ன, உம்மோட சண்டை பிடிக்க விசரே?”

“நான் விடமாட்டன். நாளைக்கே கரண்ட் கந்தோருக்குப் போறன்.”

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. “அவங்களை ஏன் இந்தப் பக்கம் கூப்பிடுறீர்? வந்தால் அதையும் இதையும் நோண்டிப் பாப்பாங்கள்... மெல்லக் கதையும். பிள்ளை இப்பத்தான் கண்ணயருது.”

அண்ணையின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பேத்தி பிறந்து இன்னும் மாதம் திரும்பவில்லை. சரியென்று குரலைத் தணித்தேன். கோபத்தைத் தணிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் வீட்டு விறாந்தையில் லைற் எரிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக அண்ணையும் அவர் மனைவி றீற்றா அக்காவும் பொழுதுபட்டால் அங்கே இருட்டில்தான் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். “என்ன அண்ணை, என்ர கட்டுரையை வாசிச்சுத் திருந்தியிட்டியளோ?” என்று நான் பகிடி விடுவேன். “காத்து வாங்கிறம் தம்பி” என்பார்.

மறுநாள் கரண்ட் கந்தோர். கவுண்டரில் ஒரு பெண் பிள்ளை. நான் இழுத்து மூச்சு வாங்கி ஆரம்பிக்குமுன் அவள், “சொல்லுங்கோ அங்கிள்” என்றாள்.

அங்கிள்! பில் சுட்டதைவிட அது கூடச் சுட்டது.

கொம்பியூட்டரைப் பார்த்தாள். “வீட்டில புதுசா ஏதும் பூட்டினீங்களோ? ஏசி?”

“ஒண்டுமில்லை மிஸ். அப்பான்ர முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு ஹோலுக்குப் பெயின்ற் அடிச்சது மட்டும்தான்.”

“பெயின்ற் கரண்ட் குடியாது.” மறுபடி பார்த்தாள். “யூனிட் ஒரு படி தாண்டினால் விலையும் ஏறிப் பாயும்தானே அங்கிள். ஆனால் பாருங்கோ, முந்தியும் உங்களுக்கு இவ்வளவு யூனிட்தான் வந்திருக்கு. இடையில ஒரு வருசம்தான் குறைஞ்சு கிடக்கு.”

“அது நான் மிச்சம் பிடிச்சது!” என்றேன். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

அவள் முகத்தில் வெளிச்சம். “ஐயோ, அந்தப் பேப்பரில எழுதினது நீங்களோ? எங்கட அம்மா வெட்டி வச்சிருக்கிறா!” பிறகு மெதுவாக, “அப்ப இப்ப மிச்சம் பிடிக்கிறதை விட்டிட்டியளோ?”

“மிஸ், கூடினதைப் பற்றித்தான் என்ர முறைப்பாடு. குறைஞ்சதைப் பற்றியில்லை.”

“குறைஞ்சதுக்கு ஒருத்தரும் முறைப்பாட்டோட வாறேல்லத்தான். சரி, நாளைக்குக் காலமை ஆக்கள் வருவினம். மீற்றரைப் பாப்பினம். ஒரு வருசமா ஏன் குறைஞ்சது எண்டும் பாப்பினம். வயரிங், அக்கம்பக்கம், எல்லாம்.”

“வடிவாப் பாக்கட்டும்!” என்று சொல்லிவிட்டு வந்தேன். வென்றவன் நடை அது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்று பொழுதுபட்டபின், வரப்போகிறவர்களுக்கு முன்னால் நானே ஒரு சோதனை செய்து வைக்கலாமென்று பட்டது. சுலபம். மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணவேண்டும். அதற்குப் பிறகும் மீற்றர் ஓடினால் களவு பிடிபட்டது! படித்த மனிதன் அல்லவா?

டக்கென்று நிறுத்தினேன். வீடு இருண்டது. ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. டோர்ச் அடித்து மீற்றரைப் பார்த்தேன். அசைவில்லை. துரும்பளவும் ஓடவில்லை. மீற்றர் உத்தமன்.

அப்போது பின்பக்கத்திலிருந்து என் மனைவி சாந்தியின் குரல்.

“இஞ்சாருங்கோ, மெயினை ஓஃப் பண்ணிட்டியள்தானே?”

“ஓம்.”

“அப்ப நுளம்பு பற் எப்பிடி சார்ஜ் ஏறுது?”

போய்ப் பார்த்தேன். பின்சுவர் ஆணியில் ஒரு வயர்ச் சுருள். அதன் முனையில் பிளக் கட்டை. கட்டையில் எங்கள் நுளம்பு பற், கொசு அடிக்கும் மட்டை. அதன் சின்னச் சிவப்பு லைற் அந்த இருட்டில் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

“இது என்ன வயர்?”

“பெயின்ற் அடிச்ச ஆள் ஹோலுக்குள்ள இருந்து இழுத்துச் சுத்தி இதில கொழுவிவிட்டவர். ஃபிரிட்ஜ், ரீவி, ஸ்ராண்ட் ஃபேன் எல்லாம் முந்தி இதிலதான் கொழுவிக் கிடந்ததாம், அலுமாரிக்குப் பின்னால. பெயின்ற் அடிச்சாப் பிறகுதான் சுவர்ப் பிளக்குக்கு மாத்தினவராம். எங்கட வயர் எண்டெல்லோ நினைச்சன்...”

டோர்ச் வெளிச்சத்தில் வயரின் பின்னால் போனேன். சுவரோடு போனது. மல்லிகைக் கொடிக்குள் நுழைந்தது. மதிலில் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கி, செபஸ்தி அண்ணை வீட்டு ஜன்னலுக்குள் போனது.

டோர்ச்சை அணைத்துவிட்டு மதிலையே பார்த்தேன்.

அப்பா செத்த அன்று... தங்கச்சி கனடாவிலிருந்து வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டியிருந்தது. வாசலெல்லாம் பெரிய லைற்றுகள். எங்கள் பழைய வயரிங் தாங்காமல் ட்ரிப் விழுந்துகொண்டேயிருந்தது. ஆரோ வயர் கொண்டு ஓடினார்கள், ஆரோ மதிலால் எறிந்தார்கள். வெளிச்சம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கிற நிலைமையில் நான் இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கமுண்டு. செத்த வீட்டுக்குக் கொடுத்ததைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்கமாட்டார். கதிரையோ சமையல் கிடாரமோ, வாங்கியவர்கள் தாங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கேட்டால், ‘அழுதது காணும், எழும்புங்கோ’ என்று சொன்னது மாதிரி. கதிரைகளை எண்ணிக் கொடுத்தோம். கிடாரத்தை மினுக்கிக் கொடுத்தோம். கரண்டைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மறந்துபோனோம். அது இடத்தை அடைக்கவில்லை, சத்தம் போடவில்லை, பாருங்கள்.

ஆக, என் சிக்கனத்தின் இரகசியம் இதுதான் வாசகர்களே. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் எனக்காக பில் கட்டிக்கொண்டிருந்தார்.

நானும் சாந்தியும் அவர்கள் விறாந்தையில் போய் நின்றோம். என் கையில் வயரின் முனை.

“கண்டுபிடிச்சிட்டீரோ?” என்றார் அண்ணை.

“ஏன் அண்ணை ஒரு வார்த்தை சொல்லேல்ல?”

பதில் றீற்றா அக்காவிடமிருந்து வந்தது. “எட்டுச்செலவு முடியட்டும் எண்டார் தம்பி. பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் எண்டார். பிறகு தங்கச்சி கனடாவுக்குப் போகட்டும், அதுகளின்ர அழுகை ஓயட்டும் எண்டார். அதுக்குப் பிறகு நீங்கள் பேப்பரில எழுதினதை வாசிச்சார்...”

“வாசிச்சு?”

“சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, தேத்தண்ணி முழுக்க என்ர சட்டையில. இனிச் சொன்னால் தம்பிக்கு வெக்கமாப் போயிடும், விடும் எண்டிட்டார்.”

பக்கத்தில் ஒரு சத்தம். சாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா? இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

“அப்ப இருட்டில இருந்தது?”

“காத்து வாங்கினது” என்றார் அண்ணை, கொஞ்சமும் அசையாமல்.

“எவ்வளவு அண்ணை? சொல்லுங்கோ, நான்...”

அவர் முகம் இறுகியது. “உம்மட அப்பருக்குக் கடைசியாக் குடுத்த வெளிச்சம் அது. அதுக்கு விலை சொல்லட்டோ?” அவரே தொடர்ந்தார். “அதை விடும். நாளைக்கு வாற ஆக்களை எப்பிடி மறிக்கிறது? அதைச் சொல்லும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த வீட்டு அவசரத்தில், அந்தப் பக்கத்து முனையை அவர்களுடைய மெயின் போர்டிலேயே நேரே முறுக்கிக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றியிருந்தார்கள். தொடுகிற துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை. சுற்றிய ஆள் திரியாயில் வேலைக்குப் போயிருந்தான், வர ஞாயிறாகும். இன்னொரு வீட்டுக்கு லைன் கொடுப்பது சட்டப்படி குற்றம். காலையில் வருகிறவர்கள் இதைக் கண்டால் அண்ணை வீட்டு லைனை அங்கேயே வெட்டுவார்கள்.

உள்ளே ஃபேனுக்குக் கீழே அந்தக் குழந்தை கையை விரித்துக்கொண்டு நித்திரையாய்க் கிடந்தது. இந்த வெக்கைக்குள்.

‘வடிவாப் பாக்கட்டும்’ என்று சொன்ன வாயை என்ன செய்யலாம்?

விடிந்ததும் கந்தோர் வாசலில் முதல் ஆளாக நின்றேன். கதவு திறந்ததும் ஓடினேன்.

“மிஸ், முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன். மீற்றர் சரி. நான்தான் பிழை.”

“ஆக்கள் இப்ப வெளிக்கிடப் போகினம் அங்கிள். காரணம் என்ன?”

“அது வந்து... வீட்டில ஒரு வயர்...”

அவள் கையைச் சட்டென்று உயர்த்தினாள். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “அப்பா போனது போன வருசம் எண்டனீங்கள், என்ன?”

“ஓம்.”

“எங்கட அப்பா செத்த நேரம் எங்களுக்கும் மதிலாலதான் வெளிச்சம் வந்தது” என்றாள் மெல்ல. பிறகு குரலை உயர்த்தி, “மறதி எண்டு எழுதுங்கோ அங்கிள். உங்கட வயசுக்குப் பொருந்தும்.”

எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘அங்கிள்’ என்பது எனக்கு இனித்தது. அவள் போனை எடுத்து, “அந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லை” என்று ஆருக்கோ சொன்னதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

போகத் திரும்பியவன் நின்றேன். “மிஸ், இன்னொராளின்ர பில்லுக்கு நான் கட்டலாமோ? அவருக்குச் சொல்லாமல்?”

“காசில ஆரின்ர முகமும் இல்லைத்தானே. குடுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை திரியாய்க்குப் போன ஆள் வந்து வயரைக் கழற்றினான். சாந்தி அதைத் துடைத்து, வட்டமாகச் சுற்றி, மேலே ஒரு பெட்டி பலகாரம் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். செத்த வீடு அன்றுதான் எங்களுக்கு முடிந்தது.

பெயர் மாற்றிய காரணம் இப்போது விளங்கியிருக்கும். கந்தோர்க்காரர் இதை வாசித்துவிட்டுத் தேடி வந்தாலும் பயமில்லை. எங்கள் ஊரில் வயர் ஏறாத மதில் எது? கிளிவெட்டி வாசகருக்கு மட்டும் ஒரு திருத்தம்: குண்டு பல்பை மாற்றுங்கள், நல்லதுதான். ஆனால் பக்கத்து வீடு அமைவதெல்லாம் உங்கள் கையில் இல்லை. அமைந்துவிட்டால் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்று காலை இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மதிலடியில் குரல் கேட்டது. செபஸ்தி அண்ணை. கையில் புது பில்.

“தம்பி, இதைப் பாரும். நான் இந்த மாதம் ஒண்டும் கட்டத் தேவையில்லையாம். மீற்றர் பிழை. கந்தோருக்குப் போய் ஒருக்காக் கேக்கப்போறன்.”

“விடுங்கோ அண்ணை. அவங்களை ஏன் இந்தப் பக்கம் கூப்பிடுறியள்? மெல்லக் கதையுங்கோ, பிள்ளை நித்திரை.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

குறைந்ததற்கு முறைப்பாட்டோடு ஒருத்தரும் வருவதில்லை என்று சொன்ன அந்த மிஸ், இந்நேரம் அவரிடம், “சொல்லுங்கோ அங்கிள்” என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.