மூடி திறந்த சீனி டின்

கிளினிக் நாளில் தாய்மார் வந்து சேருவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு நான் தராசில் ஏறிவிடுவேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடும்ப நலத் தாதியாக வேலை பார்க்கிறேன். எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. கர்ப்பிணிகளை நிறுப்பதும் கைப்பிள்ளைகளை நிறுப்பதும் என் வேலையில் பாதி. நிறுக்கிறவளே பயந்து பயந்து தராசில் ஏறுவதைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள். அதனால்தான் அந்தக் கதவு.

ஒரு காலத்தில் என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. இருக்கிற இடத்தில் நிறைவாக இருக்கிறேன் என்று நானே பகடி பண்ணிக்கொள்வேன். அந்தப் பகடி மேல் டிவிஷனுக்கு ஏறும் பாதையில் முடிந்தது. எனக்குரிய பகுதியில் மிக உயரத்தில் இருக்கும் தோட்டப் பிரிவு அது. மழை பெய்தால் ஆட்டோவும் ஏறாது, நடைதான். ஒரு நாள் பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்தவளால் எழும்ப முடியவில்லை. கடைசியில் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவில், இன்னொரு சாக்காக இறங்கி வந்தேன். அடுத்த வாரமே எங்கள் பெரிய டொக்டர் மேல் டிவிஷனை என்னிடமிருந்து எடுத்துப் பக்கத்துப் பகுதித் தாதியிடம் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை உள்ளவள், பாவம், அவளால் நினைத்தபோதெல்லாம் ஏற முடியுமா? வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்தச் சரிவில் இறங்கிக் கீழே என் கிளினிக்குக்கே வரவேண்டியதாயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது என் டிவிஷன். அதைத் திரும்ப வாங்குவதற்காகத்தான் கொழும்புக்குப் போய் வயிற்றைச் சின்னதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அழகுக்காக அல்ல. ஊரில் கேட்டவர்களிடம் வயிற்றுப் புண்ணுக்கு ஒப்பரேஷன் என்று சொல்லிவைத்தேன். வெட்கமில்லை, ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லச் சோம்பல்.

முதல் மாதங்களில் எடை சரசரவென்று இறங்கியது. பிளவுஸ் எல்லாம் தொளதொளத்தது. "ஒன்னால டெய்லர் பொழைச்சுக்கிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். நான் மேல் டிவிஷன் பாதையை ஜன்னல் வழியாகப் பார்த்து, இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் தராசு நின்றுவிட்டது. ஒரு கிளினிக், இன்னொரு கிளினிக், முள் அதே கோட்டில். நான் இன்னும் பருத்த பெண்தான். பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன். தின்பதோ கோழிக்குஞ்சு கொத்துகிற அளவு. இதற்குமேல் எதைக் குறைப்பது? வெட்டிய வயிறு திரும்ப விரிந்துவிட்டதோ, பட்ட பாடெல்லாம் வீண்தானோ? தராசை ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

கொழும்பு ஆஸ்பத்திரியில் எங்களைக் கவனிக்கும் தாதிக்குப் போன் பண்ணினேன்.

"நிக்கும், எல்லாருக்கும் நிக்கும். ஒடம்பும் கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றாள் அவள். "பயப்படாம, என்னென்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க."

முட்டை, பருப்பு, கீரை, நெத்தலி, அரை ரொட்டி என்று ஒப்பித்தேன்.

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

அந்த ஒன்றுமில்லாதது எது என்று எனக்கு நானே காட்டிக்கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. போன மாதமும் அப்படித்தான். "அப்பிடி என்னத்தத் திங்கிற நீ?" என்று பிடித்துக்கொண்டேன். அவள் கண்கலங்கிப்போனாள்.

"சத்தியமா ஒன்னுமில்ல மிஸ்ஸி. காலையில இருந்து வெறும் தேத்தண்ணிதான்."

"தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுற?" என்று அதட்டினேன். அதட்டியபோது என் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. யாரோ ஒரு தாய் அன்போடு கொண்டுவந்து கொடுத்தது. பாகுபோல் இனித்துக்கொண்டிருந்தது.

தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்த எங்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அது தண்ணீர், வந்தவருக்குக் காட்டும் மரியாதை. நான் வீடு வீடாகப் போகிறவள். வாசலில் கால் வைத்ததும் கேத்தல் அடுப்பில் ஏறும். மிஸ்ஸிக்கு என்றால் சீனி இன்னும் ஒரு கரண்டி கூடும். சோறு நுழையாத என் குட்டி வயிற்றில் இந்தச் சீனித் தண்ணீர் மட்டும் நைசாக வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. கொழும்புத் தாதியிடம் நான் பொய் சொல்லவில்லை. அது ஒரு சாப்பாடு என்று என் புத்திக்கே எட்டவில்லை.

சரி, விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். வாருங்கள், வந்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், தேத்தண்ணி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போன உத்தியோகத்தர்களை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நான் லயத்தில் பிறந்தவள். நான் மறுத்தால் அந்த வலி இரட்டிப்பாகும். சீனியில்லாமல் கேட்கலாம் என்றால் அது அதைவிட மோசம். 'அவ வீட்டுல சீனி இல்ல போல' என்று சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அடுத்த காம்பிராக்காரி பேசுவாள்.

அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் பிறந்தது. நான் வேதக்காரி. தவக்காலத்தில் பிடித்த எதையாவது விட்டு ஒறுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். "சீனிய ஒறுத்திருக்கேன்" என்று சொன்னதும் எல்லா வீட்டிலும் பக்தியோடு சீனி போடாமல் கொடுத்தார்கள். சைவக்காரர்கள் என்னைவிடக் கவனமாக இருந்தார்கள். விரதக்காரிக்கு என்று கோப்பையைத் தனியாகக் கழுவினார்கள். முள் அசைந்தது. இறங்கத் தொடங்கியது. ஆண்டவர் பேரைச் சொல்லி என் வேலையைப் பார்த்துக்கொள்கிறேனே என்று கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

பாஸ்குத் திருநாள் முடிந்தது. எல்லோருக்கும் நோன்பு முடிந்தது, எனக்கு முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் நேர்ந்திருக்கேன்" என்று இழுத்தேன். அதற்குள் முள் மறுபடியும் நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் தராசை உதைக்கவில்லை. முன்பு நின்ற முள்ளும் ஒரு நாள் அசைந்ததுதானே! நிற்கிறாயா, நில்லு, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முழங்கால் இப்போது என் பேச்சைக் கேட்டது. கடைத்தெருவின் ஏற்றத்தை நிற்காமல் ஏறினேன். நேரே பெரிய டொக்டரிடம் போய் மேல் டிவிஷனைத் திருப்பிக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மெலிவு அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அங்கே கடைசி லயத்தில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் தலைப்பிள்ளை. இரண்டு கிளினிக்குக்கு அவள் வரவில்லை. நடந்து போய் அவளைக் கிளினிக்குக்கு வர வைத்தால் டிவிஷன் எனக்குத்தான் என்றார்.

போனேன். கொழுந்து லொறியில் என்னை ஏற்றிய அந்தக் கல்லைத் தாண்டும்போது, வேண்டுமென்றே உட்காராமல், அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனேன். மூச்சு இரைத்தது. ஆனாலும் ஏறினேன்.

கடைசி லயத்தில் வாசலை மறித்து நின்றது அந்தப் பெண்ணின் மாமியார். கொழுந்தெடுத்து முறுக்கேறிய கை. உள்ளே சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே, இவளும் வேதக்காரி, இன்றைக்கு மாட்டிக்கொண்டேன் என்று விளங்கிவிட்டது.

"வாங்க மிஸ்ஸி" என்றாள், வழியை விடாமல். "பாஸ்கு முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? நீங்க எந்தச் சாமிக்கு இன்னும் ஒறுத்துக்கிட்டு இருக்கீங்க? கீழ் டிவிஷன்ல எல்லாம் பேசிக்கிறாங்க. மிஸ்ஸிக்கு இப்ப லயத்துத் தேத்தண்ணி எறங்கலையாமே?"

என்னைவிட வேகமாகக் கதை மலையேறியிருந்தது; சீனி வேண்டாம் என்றது வழியில் தேத்தண்ணியே வேண்டாம் என்றாகியிருந்தது. மருமகள் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை என்பதும் புரிந்தது. எங்கள் கோப்பையைத் தொடாதவள் எங்கள் பிள்ளையை ஏன் தொடவேண்டும் என்று இவள் தடுத்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பயந்தது இதற்குத்தான், இதைத் தவிர்க்கத்தான் பொய் சொன்னேன். கடைசியில் இதுவே நடந்துவிட்டது.

இனி மறைத்து என்ன? அடுத்தடுத்த காம்பிராக்களிலும் தலைகள் எட்டிப்பார்க்க, உள்ளதைச் சொன்னேன். புண்ணுக்கு அல்ல, உடம்பைக் குறைக்கத்தான் ஒப்பரேஷன் என்றேன். இந்த மலை ஏறி வரத்தான் அதைச் செய்தேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"இப்ப என் வயித்துல ஒரு கோப்பைக்குத்தான் எடம் இருக்கு அக்கா. அந்த எடத்த சீனிக்குக் குடுக்கவா, ஒங்க தேத்தண்ணிக்குக் குடுக்கவா? நீங்களே சொல்லுங்க. நீங்க ஊத்துனா குடிச்சிட்டுத்தான் போவேன்."

அவள் என்னையே பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள், நான் ஏறி வந்த பாதையைப் பார்த்தாள். "இம்புட்டையும் நடந்தா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். வாசல் திறந்திருந்தது.

கோப்பை வந்தது. கறுப்பாக, ஆவி பறக்க. சீனி போடாத தூள் தேயிலை கசக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கோப்பையை எடுப்பதற்குள் அவள் சீனி டின்னைக் கொண்டுவந்தாள். அதைப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்து, எட்டிப்பார்த்தவர்கள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள்.

"சீனி இருக்கு" என்றாள் உரக்க. "மிஸ்ஸிதான் வேணாங்குறாங்க."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். கசப்பில் கண்ணில் நீர் முட்டியது. கசப்பால் மட்டும்தானா என்று கேட்டால் இல்லை என்பேன். மருமகள் அடுத்த கிளினிக்குக்கு வந்தாள். மாமியாரே கையைப் பிடித்துச் சரிவில் இறக்கிக் கூட்டி வந்தாள்.

மேல் டிவிஷன் இப்போது என்னுடையது. தராசு சில மாதம் இறங்குகிறது, சில மாதம் நிற்கிறது. நான் மாதந்தவறாமல் ஏறுகிறேன். அங்கே எந்தக் காம்பிராவில் உட்கார்ந்தாலும் வெறும் தேத்தண்ணி வரும், அதன் பக்கத்தில் மூடி திறந்த சீனி டின்னும் வரும். நான் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏயப்பா, எம்புட்டுச் சீனி!" என்று அடுத்த காம்பிராவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் கோப்பையை எடுப்பேன்.