கை திரும்பிய நட்சத்திர மீன்

மூளையே இல்லாமல் நட்சத்திர மீன் நன்றாக வாழ்கிறது என்று படித்த நாளில் எனக்குப் பெரிய ஆறுதல். எண்பதுகளின் கடைசியில், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், ஆய்வகத்திலிருந்த ஒரே காய்ந்த நட்சத்திர மீனைத் தூக்கினேன். ஒரு கை மட்டும் என்னோடு வந்தது.

அட்டெண்டர் அண்ணன் பதறினார். “யோவ், எனக்கு மெமோ குடுப்பாங்கய்யா!”

“கை மறுபடி முளைக்கும்ணே. அதோட குணமே அதான்.”

“உசுரோட கீறதுக்குய்யா! இது செத்து எத்தினி வருசமாவுது? காலைல அஞ்சு கையோட எட்தாந்துடு.”

சாப்பாட்டு டப்பாவில் அடைத்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனேன். அப்பா தொழிற்சாலையில் பிட்டர். பசையைக் குழைத்தபடி கேட்டார்: “எதுடா மேல்பக்கம்?”

காட்டினேன்.

“மத்த நாலு கையிலயும் மேல முள்ளு இருக்கு. இதுல பள்ளமா இருக்கே?”

“அந்தக் கையாலதான்பா அது நடக்கும்.”

நான் காட்டியபடியே ஒட்டி, துணிக் கிளிப் மாட்டினார். பசை காயும்வரை சும்மா இருப்பாரா? வாய் எங்கே, கண் எங்கே என்று குடைந்தார். வேறு வழியின்றிப் புத்தகத்தைத் திறந்தேன். எல்லாக் கைகளுக்கும் அடியில்தான் அந்தப் பள்ளம் என்று போட்டிருந்தது. அதற்குள் பசை கல்லாகிவிட்டது.

மறுநாள் எக்ஸாமினர் அதைத் தூக்கிப் பார்த்தார். “இது என்னப்பா புது இனம்?”

அட்டெண்டர் அண்ணன் சுவரைப் பார்த்தார்.

“நான்தான் சார் உடைச்சேன். பக்கம் மாத்தி ஒட்ட வெச்சதும் நான்தான். அண்ணன் ஒண்ணும் பண்ணல.”

“அந்தப் பள்ளத்துல என்ன இருக்கும்?”

குழாய்க்கால்கள் என்றேன். முதுகிலுள்ள சல்லடைத் தட்டு வழியே கடல்நீர் உள்ளே போய் அந்தக் கால்களை இயக்குவது, சிப்பியைப் பிளந்து தன் வயிற்றையே வெளியே நீட்டித் தின்பது, கை நுனியில் கண்புள்ளி எல்லாம் கொட்டினேன். அத்தனையும் அப்பா குடைந்த குடைச்சலில் படித்தவை.

எக்ஸாமினர் சிரித்துவிட்டார். “முதுகும் அடியும் ஒரே பக்கத்துல தெரியுது. பசங்களுக்குக் காட்ட வசதி. அப்படியே வைங்க.”

மெமோ வரவில்லை. நான் பாஸ். என் பட்டத்திலும் ஒரு கை அப்பா ஒட்டியதுதான்.

அன்று மாலை, பக்கம் மாற்றிக் காட்டிய உண்மையை அவரிடம் சொன்னேன்.

“டிராயிங் குடுத்தது நீ. டிராயிங் தப்புன்னா அதப் பாத்து செய்யற ஜாப்பும் அப்படித்தான்டா வரும்,” என்றவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். “ஜாயின்ட் நின்னுச்சா?”

“நின்னுச்சுப்பா.”