அம்மாவுக்கு விடுப்பு வாங்கித் தந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அக்கா ஒரு முதியோர் மருத்துவர். சிலருக்கு, அரசாங்கக் கூட்டங்களில் பேசாமல் உட்கார்ந்திருந்து கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறவர். எனக்கு அவர் ஒன்பது வயது மூத்த அக்கா. அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. மருத்துவ நண்பர்கள் அவருடைய பணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டில் நடந்ததை எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. எழுதிப் பழக்கமில்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் இருந்தார். அம்மா கொழுந்து பறித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தானா ராத்தாவுக்கு பஸ் ஏறிப்போய் இடைநிலைப்பள்ளி முடித்து, கோலாலம்பூரில் மருத்துவம் படிக்க இடம் பெற்றார். மூன்றாம் ஆண்டில் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்தும் அக்கா திரும்பிப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

"நீ இங்க இருந்து என்ன செய்யப்போற? என்கூட கொழுந்து எடுக்கப் போறியா? பஸ் வந்துரும், கெளம்பு," என்று அம்மாதான் பையைத் தூக்கி வாசலில் வைத்தார்.

முதியவர்களுக்கான மருத்துவத்தை அக்கா ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. பயிற்சி மருத்துவராக ஒரு வார்டில் இருந்தபோது, கைகளைக் கட்டிலோடு கட்டிவைத்திருந்த தாத்தா ஒருவரைப் பார்த்தாராம். காலையானால் எழுந்து ஓடுகிறார், தொல்லை என்றார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "பால் மரம் வெட்டப் போவணும், நேரமாச்சு," என்றாராம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த அந்தத் தாத்தா. அக்கா கட்டை அவிழ்த்துவிட்டு, அவரோடு வார்டை மூன்று சுற்று நடந்தார். தாத்தா வந்து படுத்துக்கொண்டார். "அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் பாப்பா," என்று அக்கா என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவர் வேறு துறையைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெளிநாடு சென்று படித்துத் திரும்பினார். ஞாபகமறதி நோய் கண்டவர்களுக்காகவே ஒரு கிளினிக் நடத்தினார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், நேரமில்லை என்று சிரிப்பார்.

இனி நான் எழுதப் போவது அக்காவே மேடையில் சொன்ன விஷயம்தான். ஆகையால் மறைக்கத் தேவையில்லை.

அப்போது நான் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்தேன். என் கணவர் லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டினார். அம்மா எங்களோடு இருந்தார். முதலில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். பிறகு, எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரால் என்னைக் கூப்பிட்டார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வயசானா கொஞ்சம் மறதி வரும் பாப்பா. இங்க தலைக்கு மேல வேல. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்."

அந்த அடுத்த மாதம் வர எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அம்மா விடியும் முன்னே கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்ப ஆரம்பித்துவிட்டார். வேலையை விட்டு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு முறை, லோரிகள் திரும்பும் வளைவில் நடுரோட்டில் நின்றவரைக் கூட்டிவந்தோம். நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும். வேறு வழி தெரியாமல், அம்மாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மணிக்கொரு முறை சன்னல் வழியாகப் பேச்சுக் கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா சொல்லாமல் வந்து நின்றார். சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடிவந்தபோது அக்கா வெளியே இருந்தார். அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே.

"என்ன பாப்பா இது? அம்மாவப் பூட்டியா வச்சிருக்க?"

"பின்ன என்னக்கா செய்யறது? ரெண்டு தடவ ரோட்டுல போய் நின்னாங்க. நான் போன்ல சொன்னேன்லா. வயசானா மறதி வரும்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அக்கா படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஊர்ல இருக்கற அம்மாங்களுக்கெல்லாம் நாந்தான் டாக்டர்," என்றார். "நம்ம அம்மாவ நான் பாக்கவே இல்ல."

ஒன்றரை மாதம் விடுப்பு எடுத்துத் தங்கினார். நீ வேலைக்குப் போ, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான்காம் நாள் நான் வீடு திரும்பியபோது அடுப்பில் சோறு தீய்ந்திருந்தது. அக்காவின் துணியெல்லாம் ஈரம். அம்மா குளிக்க மறுத்து வாளியைத் தட்டிவிட்டிருந்தார்.

"எப்படிடி இத்தன மாசம் தனியா சமாளிச்ச?" என்று அக்கா கேட்டார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எங்களுக்குள் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் முதியோர் நலத்துக்கான ஒரு திட்டக் குழுவில் அக்கா இருந்தார். மலையில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பகலில் பெரியவர்களை விட்டுச்செல்ல ஓர் இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே ஆட்கள் குறைவு, கீழே தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகட்டும் என்று பதில் வந்தது. அக்கா மறுத்து எழுதவில்லை. "ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதிகாரிகள் இருவர் வந்தார்கள். மூத்தவர் மலாய்க்காரர், பூ அச்சிட்ட பாத்தேக் சட்டை அணிந்திருந்தார். அவரைக் கண்டதும் அம்மா சட்டென்று எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"துரை, ஒரு நாள் லீவு வேணும். மூத்த புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். கண்ணத் தொறக்க மாட்டேங்குது. நேத்தும் இல்லன்னுட்டீங்க."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அக்கா மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். இந்தக் கதை எங்கள் இருவருக்குமே தெரியாது. அம்மா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை நான்தான்," என்று சொல்லி முடித்தார்.

அதிகாரி அம்மாவின் எதிரே வந்து நின்று, "போலே, மாச்சிக்," என்றார். எடுத்துக்கொள்ளலாம் அம்மா என்று பொருள். தோட்டத்தில் பிறந்த அம்மாவுக்கு அந்த மலாய் தெரியும். முகம் அப்படியே மலர்ந்தது. அக்காவிடம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"லீவு குடுத்துட்டாங்க. நீ படு. நான் எங்கயும் போவல."

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அக்கா, அம்மா சொன்னபடியே பாயில் படுத்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தார்.

மறுநாளே எல்லாம் நடந்துவிடவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் கடிதம், கூட்டம், மறுப்பு, மறுபடியும் கடிதம். கடைசியில் ரிங்லெட்டில் பயன்படாமல் கிடந்த ஒரு மண்டபம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள், ஒரு தாதி, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நான் அந்த இருவரில் ஒருத்தி. அம்மா தம் கடைசி நான்கு ஆண்டுகளும் அங்கே வந்தார். பிறகு வேறு சில ஊர்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் திறந்தார்கள். நோயாளியோடு சேர்த்து, பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும் என்ற வரியைத் திட்டத்தில் எழுதியவர் அக்கா. யாரோ அதை எடுத்துவிட்டபோது, மூன்று கூட்டங்களில் வாதாடி மறுபடி சேர்த்தார்.

அக்காவிடம் குறையும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிட மாட்டார். பெரியவர்களை எதிரில் வைத்துக்கொண்டு "இவுங்களுக்கு ஒன்னும் வெளங்காது" என்று யாராவது சொன்னால், இடம் பார்க்காமல் திட்டிவிடுவார். திட்டு வாங்கியவர்கள் மன்னித்துவிடுங்கள்.

பணி ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. மருத்துவமனை வேண்டாம், வீட்டுக்கு வருகிறேன் என்று எங்களிடம் வந்தார். அவருடைய மாணவி டாக்டர் நூருல் ஒவ்வொரு வாரமும் மலையேறி வந்து பார்த்தார். ஒரு நாள் மருந்து அளவை அக்காவிடம் விளக்க ஆரம்பித்தார்.

"எங்கிட்டச் சொல்லாத நூருல்," என்று அக்கா தடுத்தார். "குடுக்கப் போறது தங்கச்சி. அவகிட்டச் சொல்லு. மெதுவா சொல்லு. அப்புறம், அவ தூங்குறாளான்னு கேளு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் லெட்சுமி அக்காவும் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாக எங்களைப் பிரிந்தார்.

அந்தக் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் முறை போட்டுச் சோறு கொண்டுவந்த லயத்துக் குடும்பங்களுக்கும், கேட்காமலே ரொட்டியும் தேநீரும் கொடுத்தனுப்பிய ரிங்லெட் சாப்பாட்டுக்கடை பாய்க்கும், ஊதுபத்தி வாசத்தோடு வந்து தேவாரம் பாடிய கோயில் அன்பர்களுக்கும், டாக்டர் நூருலுக்கும், கியா பார்மிலிருந்து மழையில் வந்து பந்தல் போட்டுத் தந்த என் கணவரின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு வரும் முனியாண்டி மாமா, காரியம் முடிந்த வாரத்தில் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று சொன்னால் புதிதாக அழுவார், நாளைக்கு மறந்துபோய்த் திரும்பவும் கேட்பார். வருவார் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா எப்படிப்பட்டவங்க மாமா? சொல்லுங்க, கேப்போம்."

"நல்ல புள்ள," என்றார் மாமா. "நான் என்ன சொன்னாலும் உக்காந்து கேக்கும்."

பிறகு அரைமணி நேரம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.