எடை மேடைக் கம்ப்யூட்டரும் என் புது மானிட்டரும்

இன்று காரவள்ளி எடை மேடையில் ஜெயித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லாரிகளை எடை போடும் மென்பொருள் அங்கே இருக்கும் இருபது வருடத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதன் டப்பா மானிட்டர் நேற்று புகைந்து செத்துப்போனது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனான நான் கொண்டுபோன புது மானிட்டரில் எச்டிஎம்ஐ சாக்கெட் மட்டுமே உண்டு. பழைய கிராபிக்ஸ் கார்டிலோ ஒரு நீல விஜிஏ சாக்கெட், பக்கத்தில் இதுவரை யாரும் பயன்படுத்தாத வெள்ளை டிவிஐ சாக்கெட்.

விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு வெறும் கேபிள் போதாது; டிவிஐயிலிருந்து என்றால் என்னிடம் கேபிள் இருக்கிறது. ஆனால் உள்ளே நுழையவே மாட்டேன் என்றது.

வெளியே, மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிய லாரி காத்திருந்தது. "ஏனுங்க, கிழங்கு வாடுதுங்க!" என்று டிரைவர் மூன்றாவது முறையாகக் கத்தினார்.

"கார்டு போச்சுங்களா தம்பி?" என்றார் எடை போடும் அக்கா.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சாக்கெட்டின் ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம்!

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் பொட்டு வெப்பனுங்க. வெள்ளையா, அகலமா, அந்த எடந்தானுங்க வாகா இருந்துச்சு" என்றார் அக்கா.

பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், அரைமணி நேரம். கேபிள் சிக்கென்று உட்கார்ந்தது. ஆன் செய்ததும் திரையில் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. டிரைவர் ஹாரன் அடித்தே பாராட்டிவிட்டு லாரியை மேடையேற்றினார்.

சந்தோஷத்தில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "புதுசுக்கும் ஒரு பொட்டு வெச்சுரட்டுங்களா?"

மானிட்டரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, என் நெற்றியை நீட்டினேன்.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முதுகையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.